ஸ்டோர் ரூமில் இருக்கும் என் கண்ணீர் அஞ்சலி: துறைக்கும் ஜூரிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவருக்கும், எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும், இறுதி ஜூரிக்காக வெளியிலிருந்து வந்திருந்த வல்லுநர்களுக்கும்,

வணக்கம். நான் காட்சித் தொடர்பியல் இறுதி ஆண்டு, கிராஃபிக் டிசைன் எடுத்தவள். மதிப்பெண் கேட்டு இதை எழுதவில்லை. மதிப்பெண் வந்துவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஃபைனல் டிஸ்ப்ளே அன்று காலை, சிறப்பு விருந்தினர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பேனலிலிருந்து இரண்டு வேலைகளைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டீர்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் சுவரில் டபுள் டேப் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும்கூட விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இப்போது ஜூனியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது: அடுத்த ஆண்டு ப்ராஜெக்டுக்கு ‘பாசிட்டிவ்’ தலைப்புகளை மட்டும் எடுக்க வேண்டும், பேய், சாவு, ரத்தம், மாந்திரீகம் எதுவும் கூடாது என்று. என் ஒருத்தியின் வேலையைக் கழற்றியது வேறு, இன்னும் வரையப்படாத வேலைகளை இப்போதே கழற்றுவது வேறு. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், அன்று வந்தவர்கள் பார்க்காமல் போனது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் எந்தத் தெருவிலும் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் போட்டோ, போட்டோவைச் சுற்றி கம்ப்யூட்டரில் செய்த ரோஜா மாலை, கீழே ‘தோற்றம்’ ஒரு பக்கம், ‘மறைவு’ ஒரு பக்கம், அதற்கும் கீழே பிரிவால் வாடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். இதில் எதையும் நான் மாற்றவில்லை, ஊதா நிறத்தைக்கூட அப்படியே வைத்தேன். ஒரே ஒரு மாற்றம்: போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி ஷீட் ஒட்டினேன். அந்த ஷீட் சுவரில் ஒருபோதும் முழுசாகத் தட்டையாக உட்காராது, முகம் கொஞ்சம் நெளிந்துதான் தெரியும், அது எனக்கு வசதியாகப் போயிற்று. ‘மறைவு’ என்பதற்குக் கீழே தேதி போடாமல் ஒரு கோடு மட்டும் விட்டேன். மாலை பார்ப்பவரின் கழுத்தில் சரியாக விழ வேண்டும் என்பதற்காகத் தோழிகள் எல்லோரையும் சுவர் ஓரம் நிற்கவைத்து உயரம் பார்த்துத்தான் ஒட்டினேன். உயரமானவர்கள் தலையைக் குனிய வேண்டியிருக்கும். மரியாதை செலுத்துகிற மாதிரி குனிவார்கள், அதையும் கணக்குப் பண்ணித்தான் வைத்தேன்.

டிஸ்ப்ளேவுக்கு முந்தைய நாள் இரவு நம் செக்யூரிட்டி அண்ணன் ரவுண்ட்ஸ் வந்தார். கண்ணாடி என்று நினைத்து முன்னால் நின்று முடியைச் சரிசெய்துகொண்டார், மீசையை ஒதுக்கிக்கொண்டார், அப்புறம்தான் மேலே எழுதியிருந்ததைப் படித்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு “ஏம்மா, எவ்வளவு நாளா இந்த வேலை பண்றே?” என்று சிரித்தார், ஆனால் போகும்போது போஸ்டருக்கு நேராக வராமல் சுற்றிக்கொண்டு போனார். எனக்குக் கிடைத்த ஜூரி மதிப்பீட்டில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். (வெளி வல்லுநர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இரண்டாவது வேலை எழுத்து மட்டும்தான். தமிழில் பேய் என்றாலே டைட்டில் எழுத்திலிருந்து ரத்தம் சொட்ட வேண்டும் என்று எவரோ எந்தக் காலத்திலோ முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொட்டு அலுத்துவிட்டது. தமிழ் எழுத்து உருண்டை, கொழுகொழு என்று இருக்கும், அதை வைத்து எப்படிப் பயமுறுத்துவது என்று யோசித்தபோது கையில் மாட்டியது நீங்கள் டைப்போகிராஃபி வகுப்பில் காட்டிய ஓலைச்சுவடிப் படங்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, படிக்கிறவர்தான் எது மெய், எது உயிர்மெய் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கறுப்புத் தாளில் ஒரே வரி, ‘பினனால பாரககாதே’. புள்ளி எதுவும் கிடையாது. வேறு படம் எதுவும் கிடையாது. படிக்கிறவர் தடுமாறுவார், உதடு அசையும், மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் படிப்பார், பொருள் விளங்கும்போது கழுத்து தானாகத் திரும்பத் துடிக்கும். ஒட்டிவைத்த அன்று மாலை நான் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தேன், திரும்பிப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

இந்த இரண்டையும் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டபோது ஆளுக்கொரு காரணம் வந்தது. ஒருவர் அபசகுனம் என்றார். ஒருவர் இதெல்லாம் மேற்கத்தியத் தாக்கம், நம் கலாச்சாரத்தில் இல்லாதது என்றார். இன்னொருவர் அக்கறையோடுதான் கேட்டார், இதைப் போர்ட்ஃபோலியோவில் வைத்தால் எந்த ஏஜென்சி வேலை கொடுக்கும் என்று.

மேற்கத்தியத் தாக்கம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்குச் சிரிப்பு அதிகம் வந்தது. என் பேனலில் மூன்றாவதாக ஒரு வேலை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, பாக்கெட் சைஸ் மாத நாவல், அதன் அட்டை மாதிரி ஒரு வரிசை. அதில் ஒன்று 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் ரத்தக் காட்டேரி. அந்தப் படத்தின் தோற்றத்தை வடிவமைத்தது ஆல்பின் க்ராவ் என்பவர், ஓவியர், படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. வழுக்கைத் தலை, எலிப் பல், நீண்ட நகம், படிக்கட்டில் ஏறும் நிழல். நான் ஆளை விட்டுவிட்டு நிழலை மட்டும் வைத்தேன், நிழலின் சுண்டுவிரல் அட்டையில் விலை அச்சாகியிருக்கும் மூலையில் போய் முடியும். அதை நீங்கள் கழற்றவில்லை. ஜூரியில் ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார். ஆக, ஜெர்மனியிலிருந்து வந்த பேய் சிறப்பு விருந்தினரை வரவேற்கலாம், நம் தெருமுனையில் தினமும் பார்க்கிற அஞ்சலி போஸ்டரும் ஓலைச்சுவடி எழுத்தும்தான் மேற்கத்தியத் தாக்கம். பக்கத்துப் பேனலில் ஒரு காப்பிக் கடை பிராண்டிங் இருந்தது, மெனுவிலிருந்து டிஷ்யூ பேப்பர் வரை ஹெல்வெடிகா என்ற ஆங்கில எழுத்துரு, ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. அதற்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. (அவன் என் நண்பன், வேலை நன்றாகத்தான் இருந்தது, அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.)

நான் செஞ்சிப் பக்கம். மகாசிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. முகம் முழுக்க வண்ணம் பூசி, நாக்கு வெளியே தொங்க, காளி வேஷம் கட்டிக்கொண்டு ஆட்கள் சுடுகாட்டுக்கு வருவார்கள், குழந்தைகளைத் தோளில் உட்காரவைத்து அப்பாக்கள் காட்டுவார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பை எவ்வளவு வைத்தால் தூரத்திலிருந்து தெரியும் என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த முகங்கள்தான், கலர் தியரி வகுப்பு பிறகுதான் வந்தது. காரைக்கால் அம்மையார் தன் பதிகத்தில் ஒரு பெண்பேயை வர்ணிக்கிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழி விழுந்த வயிறு, செம்பட்டை முடி, நீண்ட பல், உயர்ந்த கணுக்கால். இன்றைக்கு அனிமேஷன் ஸ்டுடியோவில் கேரக்டர் ஷீட் என்று எழுதுவதும் இதைத்தானே? சிவனிடம் கேட்டுப் பேயுருவை வாங்கிக்கொண்டவர் அவர். விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அபசகுனம் என்று யாரும் அதைக் கிடங்குக்குள் தள்ளவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சும், அதற்கு முன்னால் யானைத் தந்தத்தால் பல் விளக்கும், யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கும். நாக்கு வழிக்கிற விவரம் வரை யோசித்திருக்கிறார் ஜெயங்கொண்டார், 12ஆம் நூற்றாண்டில். அந்த ஆளுக்கு ஆர்ட் டைரக்டர் வேலை கொடுக்காமல் எந்த ஜூரி போகும்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அம்புலிமாமாவில் தோளில் பிணம், கையில் வாள் என்று விக்கிரமாதித்தன் நடந்து வருவானே, அந்தப் படத்தை வரைந்த சங்கர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், 2020இல்தான் காலமானார். சுடுகாடு, பிணம், வேதாளம் மூன்றும் ஒரே சட்டத்தில், குழந்தைகள் பத்திரிகையில், மாதாமாதம். உங்களில் பலர் அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். பார்த்ததால் யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை, டிசைன் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று. எங்களுக்கு இந்த ஆசையை ஏற்றிவிட்டதே நீங்கள்தான். டைட்டில் டிசைன் வகுப்பில் எதைக் காட்டினீர்கள்? 1960 சைக்கோ படத்துக்கு சால் பாஸ் என்ற டிசைனர் செய்தது: கோடுகள் பக்கவாட்டில் பாய்ந்து வந்து பெயர்களை இரண்டாக வெட்டிவிட்டுப் போகும். 1979 ஏலியன்: தலைப்பு முழுசாக வராது, இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு என்று மெதுவாக ஒவ்வொன்றாகக் கூடி எழுத்தாகும். அதில் பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது, ஆனாலும் வகுப்பே அமைதியாகிவிட்டது. 1995 செவன் படத்துக்கு கைல் கூப்பர் எழுத்துகளைக் கையால் கீறிச் செய்ததைக் காட்டி, கம்ப்யூட்டர் செய்யாததைக் கை செய்யும் என்று சொன்னீர்கள். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் டைட்டிலில் வரும் எழுத்து எட் பெங்குயட் வடிவமைத்தது, 1977இல் வெளிவந்தது, பழைய பேப்பர்பேக் நாவல் அட்டைகளின் ஞாபகத்தை வரவழைப்பதற்காகவே 2016இல் அதைத் தேடி எடுத்தார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். ஒரு எழுத்துரு ஒரு காலத்தையே கூட்டிக்கொண்டு வரும் என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அதைத்தான் அஞ்சலி போஸ்டரில் செய்து பார்த்தேன். வகுப்பில் காட்டினால் பாடம், மாணவி செய்தால் அபசகுனமா?

அபசகுனம் என்ற காரணத்தைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. அண்மையில் யாரையாவது பறிகொடுத்த ஒரு அம்மா டிஸ்ப்ளேவுக்கு வந்து, யோசிக்காமல் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு மேடம் கேட்டார்கள். சரியான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த பதில், அறை வாசலில் ஒரு பலகை. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் 2024இலிருந்து யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துக் கொடுக்கிறது, பார்ப்பவர் தீர்மானித்துக்கொள்கிறார். நமக்கும் ஒரு தடுப்பு, ஒரு திரை, ‘உள்ளே இறப்பு தொடர்பான படைப்பு உள்ளது’ என்று ஒரு வரி போதும். கேட்டிருந்தால் அந்தப் பலகையையும் நானே டிசைன் பண்ணியிருப்பேன். கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில் கழற்றினீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது, துக்கத்தில் இருக்கும் எந்த அம்மாவையும் நினைத்து அல்ல.

உண்மையில் அவற்றைக் கழற்றியதற்குக் காரணம் அவை வேலை செய்ததுதான். காட்டேரி அட்டை அழகாக இருந்தது, யாரையும் தொந்தரவு பண்ணவில்லை, சுவரில் இருந்தது. மற்ற இரண்டும் ஆளைத் தொட்டன, ஸ்டோர் ரூமுக்குப் போயின. காப்பிக் கடை லோகோ நல்லதா என்று ஜூரி மணிக்கணக்காகப் பேசலாம், முடிவே வராது. பயத்துக்கு அப்படி இல்லை. ஆள் நின்றாரா, பின்வாங்கினாரா, திரும்பிப் பார்த்தாரா என்று அங்கேயே தெரிந்துவிடும், பேசிச் சமாளிக்க முடியாது. எங்கள் படிப்பில் இவ்வளவு நேர்மையாகத் திருத்தக்கூடிய ப்ரீஃப் (செய்யச் சொல்லிக் கொடுக்கும் வேலை) வேறு எது இருக்கிறது? எதை மறைப்பது, எதை எப்போது காட்டுவது, எவ்வளவு வெற்றிடம் விடுவது, கண் எந்த வரிசையில் போகும் என்று நீங்கள் மூன்று வருடமாகச் சொன்ன அத்தனையும் அதில் சோதனைக்கு வருகிறது.

அரசாங்கமே பயமுறுத்தித்தான் எச்சரிக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்குப் போக வேண்டும். பெட்டிக்கடையில் அந்தப் படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு வந்து என் போஸ்டர் பயங்கரமா என்று சொல்லுங்கள். நம் கல்லூரி வாசலில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே ‘அபாயம்’. யாரோ ஒரு டிசைனர், யாரோ ஒரு பெயின்டர், ஆட்களைச் சாகாமல் வைத்திருக்கச் செய்த பயம் அது. அதற்குப் ‘பாசிட்டிவ்’ தலைப்பு எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருடம் தவறாமல் பேய்ப் படம் வருகிற ஊரில் இருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் ஃபர்ஸ்ட் லுக் யாராவது செய்துதான் ஆக வேண்டும். தலைவிரி கோலமாக முகத்தை மறைத்த பெண் என்ற ஒரே போஸ்டரை எல்லோரும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்போது புதிதாக யோசிக்கிற ஆளுக்கு இடம் இருக்கும் என்றே நம்புகிறேன்.

இனி ஜூனியர்கள் விஷயம். தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காமிக்ஸ் கோடு நல்ல உதாரணம். செனட் விசாரணை வந்த பயத்தில், தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே வரக் கூடாது, ரத்தக் காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அன்றைக்கு நல்ல ஓவியர்களை வைத்து அந்த வகைக் கதைகளைப் போட்டுக்கொண்டிருந்த ஈசி காமிக்ஸ் பதிப்பகம் அந்த இதழ்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. 1971இல் விதியைத் தளர்த்தினார்கள், அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. உங்கள் வாட்ஸ்அப் அறிவிப்பைப் படித்தபோது அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் தன் பாட்டி சொன்ன முனி கதைகளை வைத்துச் சீட்டு விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறாள், முனிக்கு முகம் வரையாமல் சுருட்டு நெருப்பை மட்டும் வரைந்திருக்கிறாள், அது ஒன்று போதும் அவள் தேறிவிடுவாள் என்று சொல்ல. ஒரு பையன் புளியமரத்தடிப் பேய்க் கதைகளுக்கு ஆடியோ தொடர் செய்து, அதற்கு அட்டை வரைகிறான். அறிவிப்பு வந்ததிலிருந்து இரண்டு பேரும் தலைப்பு மாற்றுவதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பையன் ‘மரம் வளர்ப்போம்’ என்று மாற்றிவிடலாமா என்று கேட்டான். புளியமரம் அப்படியே இருக்கும், பேயை மட்டும் எடுத்துவிடலாமாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் எடுக்கட்டும், ஆனால் எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள், அதில் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற இரண்டு சொற்களும் இல்லாமல் இருந்தால் நல்லது. ஒரு வேலையைக் காட்சியிலிருந்து எடுப்பதென்றால் செய்தவரைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள். வாசல் பலகைக்கு மாதிரி ஒன்று செய்து துறை மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும், அளவு ஏ3, கறுப்பு ஒரே நிறம், நம் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துக்கொள்ளலாம்.

ஜூனியர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சிப் பட்டறை எடுக்கவும் தயார், காசு வேண்டாம். காலையில் காலி சிகரெட் பாக்கெட்டுகளும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களும் வைத்துப் பார்ப்பது, மதியம் ரத்தமும் பேய் முகமும் இல்லாமல் ஒரே ஒரு பயமுறுத்தும் தாள் செய்வது, சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணனை ஜூரியாக உட்காரவைப்பது. அவரிடம் கேட்டுவிட்டேன், டீ வாங்கிக் கொடுத்தால் வருகிறேன் என்றார். உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது டிராயிங் ஹாலும் ஸ்டோர் ரூம் சாவியும்.

இப்படிக்கு,
இறுதி ஆண்டு மாணவி,
காட்சித் தொடர்பியல் துறை